மழை விட்டப்புறம் திரும்ப சூடாகிற தரையும் அரை டெரிவேட்டிவும்

நம்ம சிங்கப்பூர்ல மத்தியானம் மூணு நாலு மணிக்கு வானம் கறுத்து இருபது நிமிஷம் கொட்டிட்டுப் போகும் இல்லையா, அந்த மாதிரி ஒரு மழை விட்ட கையோட எச்டிபி ப்ளாக்குக்கு (அரசாங்க அடுக்குமாடிக்கு)க் கீழ இருக்கிற பாஸ்கெட்பால் கோர்ட்டுல போய் தரையோட சூட்டை அளந்து பாருங்க. என்கிட்ட வேலைக்காக வாங்கின இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒண்ணு இருக்கு, துப்பாக்கி மாதிரி பிடிச்சு அமுக்கினா போதும், நான் பார்க்கிறது கட்டட பராமரிப்பு வேலை, ஏசி குழாய், சில்லர், பம்ப் எல்லாத்தையும் அதாலதான் பார்ப்போம். மழைக்கு முன்னாடி ஐம்பது டிகிரிய ஒட்டி இருந்த காங்கிரீட் மழையில நனைஞ்சு முப்பதுக்குக் கிட்ட இறங்கி இருக்கும். காத்து அதை விட குளிர்ச்சி, இருபத்தஞ்சு இருபத்தாறுதான். வெயில் கிடையாது, மேகம் இன்னும் விலகல. இப்ப தரை என்ன ஆகணும்? காத்தை விட சூடா இருக்கிற பொருள், சூடு கொடுக்க வெளியில யாரும் இல்ல, அப்ப இன்னும் இறங்கத்தானே செய்யணும். ஆனா தண்ணி காய ஆரம்பிச்சதும் ரீடிங் மெல்ல ஏறும். ஏறும்ங்க. கொஞ்ச நேரம் ஏறிட்டு அப்புறம்தான் இறங்கும்.

எப்படின்னு கேட்டா எல்லாரும் டக்குனு சொல்லிடுவாங்க, உள்ள இருக்கிற சூடு மேல வருது, இதுல என்ன அதிசயம்னு. சரிதான். ஆனா ஸ்கூல்ல, ஜேசில (ஜூனியர் காலேஜ்ல) நம்ம எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்த குளிர்ச்சி விதியில இந்த "உள்ள"ங்கிறதுக்கு இடமே கிடையாது. நான் இவ்வளவு நீளமா எழுத உக்காந்ததே அதுக்காகத்தான்.

அந்த விதி நியூட்டனோடது. 1701ல ராயல் சொசைட்டி இதழ்ல பேர் போடாம லத்தீன்ல ஒரு சின்னக் கட்டுரை எழுதினாரு. ஆளிவிதை எண்ணெய் ஊத்தின தெர்மாமீட்டர், பனி உருகுற இடம் 0, மனுஷ உடம்புச் சூடு 12னு ஒரு அளவுகோல். எண்ணெய் தெர்மாமீட்டர் தாங்காத பெரிய சூடுகளை அளக்க அவருக்கு ஒரு வழி வேணும், அதனால பழுக்கக் காய்ச்சின இரும்புக் கட்டிய காத்து ஒரே சீரா வீசுற இடத்துல வச்சு அது ஆறுற நேரத்தை வச்சுக் கணக்குப் போட்டாரு. இன்னைக்கு நாம எழுதற வடிவத்துல சொன்னா: சூடு குறையற வேகம், பொருளுக்கும் சுத்தி இருக்கிற காத்துக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசத்துக்கு நேர் விகிதம். அதைத் தீர்த்தா எக்ஸ்பொனென்ஷியல் வரும், ஒரு மணி நேரத்துல வித்தியாசம் பாதியானா அடுத்த ஒரு மணி நேரத்துல அதுல பாதி. ஜேசி ஹெச்2 மேத்ஸ்ல டிஃபரென்ஷியல் ஈக்வேஷன் பாடத்துல வழக்கமா வர்ற கணக்கு.

இந்த விதியில கவனிக்க வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு. அதுக்கு இப்போதைய சூடு மட்டும் தெரிஞ்சா போதும். பத்து நிமிஷம் முன்னாடி அந்தப் பொருள் என்னவா இருந்துச்சு, அடுப்புல இருந்துச்சா ஐஸ்ல இருந்துச்சா, எதுவும் கேக்காது. அதனாலதான் பாஸ்கெட்பால் கோர்ட்டுகிட்ட தோத்துப் போகுது. ரெண்டு தரை, ரெண்டும் இந்த நிமிஷம் முப்பது டிகிரி, ஒண்ணு நாள் பூரா நிழல்ல கிடந்தது, இன்னொண்ணு இப்பதான் மழையில நனைஞ்ச வெயில் தரை. ரெண்டுக்கும் ஒரே எதிர்காலம்னு சொல்ற விதிய வச்சு என்ன பண்றது?

இங்கதான் பின்ன நுண்கணிதம் உள்ள வருது, அதாவது டெரிவேட்டிவை (ஒண்ணு மாறுற வேகத்தை) முழுசா ஒரு தடவை, ரெண்டு தடவைன்னு இல்லாம அரைத் தடவையும் எடுக்கிற கணக்கு. என் அக்கா பொண்ணு ஜேசில படிக்கிறா, அவகிட்ட இதைச் சொன்னப்ப முதல் கேள்வியே, "மாமா, ஒரு தடவை டிஃபரென்ஷியேட் பண்ணலாம், ரெண்டு தடவை பண்ணலாம், அரைத் தடவைன்னா எப்படி லா?" நியாயமான கேள்வி, 1695ல கணித மேதைங்க லைப்னிட்ஸும் லோபிடாலும் கடிதத்துல பேசிக்கிட்டதும் இதேதான். செப்டம்பர் 30ம் தேதி எழுதின பதில்ல லைப்னிட்ஸ், பார்க்க முரண்பாடா இருக்கு, ஆனா இதுலேர்ந்து ஒரு நாள் உபயோகமான விஷயங்கள் வரும்ங்கற அர்த்தத்துல எழுதி வச்சிருக்காரு. அவளுக்கு நான் சொன்ன பதில் இது: "ரெண்டு தடவை செஞ்சா ஒரு முழு டெரிவேட்டிவ் ஆகிற மாதிரி ஒரு வேலை இருந்தா அதை அரைன்னு வச்சுக்கோயேன்மா." எக்ஸ்ங்கிற ஃபங்ஷனோட அரை டெரிவேட்டிவ், ஸ்கொயர் ரூட் எக்ஸை ரெண்டால பெருக்கி ஸ்கொயர் ரூட் பையால வகுத்தா வர்றது. 1819லயே லாக்ருவா தன் பாடப்புத்தகத்துல இதைப் போட்டுட்டாரு. அதுக்கே இன்னொரு தடவை அரை எடுத்தா சரியா 1 வரும். ஃபேக்டோரியலை முழு எண் இல்லாத இடத்துக்கும் நீட்டின காமா ஃபங்ஷனை வச்சு இதைச் சரி பார்க்கலாம். அவ உடனே ஃபோன்லயே சரி பார்த்துட்டு "ஓகே, ஆனா இதுக்கும் சூட்டுக்கும் என்ன சம்பந்தம்"னு கேட்டா.

சம்பந்தத்தை ஒரு எக்செல் ஷீட் வச்சே காட்டலாம், எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது. சாதாரண டெரிவேட்டிவை படிப்படியா கணக்குப் போடும்போது என்ன பண்றோம், இப்போதைய மதிப்புலேர்ந்து முந்தின மதிப்பைக் கழிக்கிறோம். எடைகளா எழுதினா 1, மைனஸ் 1, அப்புறம் எல்லாம் 0. அதாவது ஒரே ஒரு படிதான் ஞாபகம். அரை டெரிவேட்டிவுக்கு அந்த எடைகள் 1, மைனஸ் 1/2, மைனஸ் 1/8, மைனஸ் 1/16, மைனஸ் 5/128ன்னு முடிவே இல்லாம போயிட்டே இருக்கும். 1867, 1868ல க்ரூன்வால்டும் லெட்னிகோவும் தனித்தனியா கொண்டு வந்த வழி இது. எல்லா எடையையும் கூட்டினா 0. இப்ப யோசிங்க, தரை எப்பவும் ஒரே சூட்டுல இருந்திருந்தா இந்தக் கணக்கு பூஜ்யத்தை நோக்கிப் போகும். முன்னாடி இப்போதைய விட சூடா இருந்திருந்தா கணக்கு மைனஸ்ல வரும், மைனஸ்னா தரைக்குள்ளேர்ந்து சூடு மேற்பரப்புக்கு வந்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். பழைய பாக்கி எல்லாம் எழுதி வச்ச மளிகைக் கடை நோட்டு மாதிரி, பழசு ஆக ஆக எழுத்து மங்கும், ஆனா கிழிச்சுப் போடவே மாட்டாங்க. மழை விட்டப்புறம் தரை ஏன் ஏறுதுன்னா அந்த நோட்டுல மத்தியான வெயில் இன்னும் இருக்கு.

இதுவரைக்கும் சொன்னதைக் கேட்டா ஏதோ ஒப்பேத்துற மாதிரி தெரியலாம், ஞாபகம் வேணும்னா ஞாபகம் இருக்கிற ஒரு சூத்திரத்தை எடுத்து ஒட்ட வச்சுட்டான்னு. இல்ல. ஆழமான ஒரு பொருளோட மேற்பரப்புக்கு இந்த அரை தானாவே வருது, யாரும் திணிக்க வேண்டியதில்ல. பொருளுக்குள்ள சூடு பரவறதைச் சொல்ற ஃபூரியேயோட வெப்பச் சமன்பாட்டுல நேரத்துக்கு ஒரு டெரிவேட்டிவ், ஆழத்துக்கு ரெண்டு டெரிவேட்டிவ். ஸ்கூல் அல்ஜிப்ரால ரெண்டு ஸ்கொயரோட வித்தியாசத்தை ரெண்டு காரணியா பிரிப்போம் இல்லையா, அதே மாதிரி இந்தச் சமன்பாட்டையும் பிரிக்கலாம், ஒவ்வொரு காரணியிலயும் நேரத்துக்கு அரை டெரிவேட்டிவ், ஆழத்துக்கு ஒரு டெரிவேட்டிவ். அதுல ஒரு காரணி கீழ போகப் போக அடங்கிப் போற தீர்வுக்கு உரியது, அதை மட்டும் வச்சுக்கிட்டா கிடைக்கிறது இது: மேற்பரப்பு வழியா உள்ள போற வெப்பம், மேற்பரப்புச் சூட்டோட அரை டெரிவேட்டிவை எஃப்யூசிவிட்டிங்கிற எண்ணால பெருக்கினது. தோராயம் இல்ல, சரிசமம். எஃப்யூசிவிட்டின்னா கடத்துதிறன், அடர்த்தி, வெப்பக் கொள்திறன் மூணையும் பெருக்கி ஸ்கொயர் ரூட் எடுத்தது. இதுக்கு நாம கொடுக்க வேண்டிய விலை ரெண்டே ரெண்டுதான், ஆரம்பத்துல உள்ள பூரா ஒரே சூடு, அடியில முடிவு இல்லாத ஆழம். முழு மூணு பரிமாண தரையையும் கண்ணுல பார்க்காம மேற்பரப்புல உக்காந்துக்கிட்டே கணக்கு முடிக்கலாம்.

நம்பர் போட்டுப் பார்ப்போம். காங்கிரீட்டுக்குப் புத்தகத்துல வழக்கமா இருக்கிற மதிப்பு, கடத்துதிறன் 1.5, அடர்த்தி 2300, கொள்திறன் 880, எஸ்ஐ அலகுல. எஃப்யூசிவிட்டி 1740 வருது. மேற்பரப்புலேர்ந்து காத்துக்குப் போறதுக்கு ஒரு ஸ்கொயர் மீட்டருக்கு டிகிரிக்கு 10 வாட்னு வச்சுக்கலாம். தரை 50, காத்து 30, வித்தியாசம் 20. ஒரு மணி நேரம் கழிச்சு வித்தியாசத்துல 70 சதவீதம் மிச்சம், தரை 44. நாலு மணி நேரம் கழிச்சு 53 சதவீதம் மிச்சம், தரை கிட்டத்தட்ட 41. இதே முதல் ஒரு மணி நேரத்துக்குப் பொருந்துற மாதிரி நியூட்டன் விதியோட மாறிலிய (அந்த நேர் விகித எண்ணை) செட் பண்ணிட்டு நாலு மணிக்கு என்ன சொல்லுதுன்னு கேட்டா 25 சதவீதம்தான், 35 டிகிரி. ஆறு டிகிரி வித்தியாசம். ராத்திரி பத்து மணிக்கு வாய்ட் டெக்ல (ப்ளாக்குக்குக் கீழ இருக்கிற திறந்த தளத்துல) வெளிப் பக்கமா உக்கார்றவங்களுக்கு எந்த நம்பர் சரின்னு கேக்கவே வேண்டாம். (உள்ள பூரா 50னு வச்சது கொஞ்சம் தாராளம்தான், நிஜத்துல கீழ போகப் போக குறைவா இருக்கும், அதனால நிஜத் தரை நான் சொன்னதை விட வேகமாவே ஆறும். ஆனா ஆரம்பத்துல வேகமும் அப்புறம் இழுவையுமா இருக்கிற அந்த வடிவம் மாறாது.)

அந்த வடிவத்துக்கு ஒரு பேர் இருக்கு, மிட்டாக்-லெஃப்லர் ஃபங்ஷன், 1903ல ஸ்வீடன்காரர் ஒருத்தர் கொண்டு வந்தது. எக்ஸ்பொனென்ஷியலோட தொடர்ல ஃபேக்டோரியல் இருக்கிற இடத்துல காமா ஃபங்ஷனை வச்சு, அதுக்குள்ள ஆல்ஃபான்னு ஒரு எண்ணை, அதாவது டெரிவேட்டிவ் எத்தனை தடவைங்கற எண்ணைப் போட்டா அது. ஆல்ஃபா 1னா பழைய எக்ஸ்பொனென்ஷியலே திரும்பக் கிடைக்கும். ஆல்ஃபா 1/2னா ஆரம்பத்துல எக்ஸ்பொனென்ஷியலை விட செங்குத்தா விழும், கடைசியில ஸ்கொயர் ரூட் நேரத்தால வகுத்த மாதிரி இழுத்துக்கிட்டே போகும்.

நம்ம ஆளுங்களுக்கு இந்த எஃப்யூசிவிட்டி கால்லயே தெரியும். தைப்பூசத்துக்கு சிராங்கூன் ரோடு பெருமாள் கோயில்லேர்ந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரைக்கும் மூணு கிலோமீட்டருக்கு மேல செருப்பில்லாம நடக்கிறவங்க, நிறைய பேர் ராத்திரியே கிளம்பறதுக்குக் காரணம் கூட்டம் மட்டும் இல்ல. ரெண்டு பொருள் தொட்டுக்கிட்டா தொடுற இடத்துல என்ன சூடு வரும்ங்கறது, ரெண்டு பக்கத்துக்கும் அரை டெரிவேட்டிவ் சமன்பாடு எழுதி சமப்படுத்தினா ஒரே வரில வந்துடும், எஃப்யூசிவிட்டியை எடையா வச்ச சராசரி. பாதம் 34 டிகிரி, தோலோட எஃப்யூசிவிட்டி 1100 சுமாருக்கு. 50 டிகிரி காங்கிரீட்டை மிதிச்சா தொடுற இடம் 44. அதே 50 டிகிரி மரப் பலகை, எஃப்யூசிவிட்டி 400 சுமார், 38தான். தெர்மாமீட்டர் ரெண்டையும் ஒரே சூடுன்னு சொல்லும், கால் ஒத்துக்காது.

இதே அரை டெரிவேட்டிவ் சமாச்சாரம் ஒரு காலத்துல பூமிக்கே வயசு சொல்லப் போச்சு. கெல்வின் 1862ல, பூமி உருகின நிலையிலேர்ந்து ஆறிக்கிட்டே வந்த பெரிய கல்லுன்னு வச்சுக்கிட்டு, சுரங்கத்துல கீழ போகப் போக எவ்வளவு சூடு ஏறுதுங்கற அளவை வச்சு 2 கோடி வருஷத்துலேர்ந்து 40 கோடி வருஷத்துக்குள்ளன்னு சொன்னாரு. ஆழமான பொருளோட மேற்பரப்புல சூட்டோட சாய்வு நேரத்தோட ஸ்கொயர் ரூட்டுக்கு ஏத்த மாதிரி குறையும், அதைத் திருப்பிப் போட்டு வயசு. 1895ல அவர்கிட்ட முன்னாடி உதவியாளரா இருந்த ஜான் பெர்ரியே எதிர்த்து எழுதினாரு, உள்ள இருக்கிறது மேல இருக்கிற பாறையை விட நல்லா வெப்பம் கடத்தினா வயசு பல மடங்கு கூடும்னு. இந்த வழக்குல பெர்ரி பக்கம் நின்னு கணக்குப் போட்டவர் ஆலிவர் ஹெவிசைடு, நேர டெரிவேட்டிவுக்கு ஒரு எழுத்து வச்சு அதுக்கே ஸ்கொயர் ரூட் போட்டுக் கூச்சமே இல்லாம கணக்கைத் தொடர்ந்தவர், கணிதப் பேராசிரியருங்க மூஞ்சியைச் சுளிச்சாங்க. இன்னைக்குப் பூமிக்கு 450 கோடி வருஷம்னு தெரியும். கெல்வினோட கணக்குல பிழை இல்ல, உள்ள என்ன இருக்குங்கறதுல வச்ச அனுமானம்தான் கவுத்துச்சு. பெர்ரியோட பாயிண்ட் எனக்கு ரொம்ப முக்கியம், ஏன்னா இப்ப வர்ற பின்ன நுண்கணிதக் கட்டுரைங்க பலதுலயும் நான் தேடிக் கிடைக்காத கேள்வி அதுதான், உள்ள என்ன இருக்கு?

ஒரு கப் சூடான தண்ணியோ காப்பியோ ஆறுறதை அளந்துட்டு, நியூட்டன் விதி சரியா பொருந்தல, டெரிவேட்டிவை ஆல்ஃபாவா மாத்தினோம், ஆல்ஃபா 0.9 சொச்சம்னு வச்சா அழகா பொருந்துதுன்னு எழுதியிருப்பாங்க. ஒரு திருகாணியைக் கூடுதலா கொடுத்தா எந்த வளைவும் கொஞ்சம் நல்லாத்தான் பொருந்தும்ங்க. கோப்பிக் கடையில வாங்கின கோப்பி-ஓ (பால் இல்லாத காப்பி) உள்ள தானே சுழண்டுக்கிட்டு இருக்கு, மேல ஆறினது கீழ இறங்கும், கீழ இருக்கிறது மேல வரும், அதுக்கு "ஆழம்"னு எதுவும் கிடையாது, மொத்தமும் கிட்டத்தட்ட ஒரே சூடு. அப்ப ஏன் நியூட்டன் பொருந்தல? முதல் காரணம் ஆவி. மூடி இல்லாத சூடான கப்புல ஆவியா போற வெப்பம் பெரிய பங்கு, அதுவும் சூடு ஏற ஏற ஆவியழுத்தம் செங்குத்தா ஏறும், அதனால ஆரம்பத்துல வேகமா விழும், அப்புறம் மெதுவாகும். அடுத்து, விசிறி இல்லாத இடத்துல காத்து தானே எழும்பிப் போய்க் கொண்டு போற வெப்பம், வித்தியாசத்துக்கு நேர் விகிதத்தை விட கொஞ்சம் கூடுதல் வேகத்துல மாறும். பெரிய வித்தியாசம் வந்தா நியூட்டன் விதி விலகும்னு 1817லயே டுலாங்கும் பெடிட்டும் காட்டிட்டாங்க. ஆரம்பத்துல வேகம், பின்னாடி இழுவை, இதைப் பார்த்ததும் மிட்டாக்-லெஃப்லர் ஓடி வந்து பொருந்தத்தான் செய்யும். ஆனா அது ஞாபகம் இல்ல, ஆவி.

ரெண்டையும் பிரிச்சுப் பார்க்க சுலபமா வழி இருக்கு. கப்புக்கு மூடி போடுங்க, இல்ல மேல ரெண்டு சொட்டு எண்ணெய் விடுங்க, ஆல்ஃபா 1 பக்கம் நகர்ந்தா அது நீங்க நினைச்ச ஆல்ஃபா இல்ல. இன்னொண்ணு, 90லேர்ந்து ஆற விட்டு ஒரு தடவை, 50லேர்ந்து ஆற விட்டு ஒரு தடவை அளந்து, ரெண்டையும் ஆரம்ப வித்தியாசத்தால வகுத்து ஒண்ணு மேல ஒண்ணு போடுங்க. பின்னச் சமன்பாடும் நேர்ச் சமன்பாடுதான் (ஆரம்ப வித்தியாசம் ரெண்டு மடங்கானா விடையும் ரெண்டு மடங்கு), அது உண்மையா இருந்தா ரெண்டு வளைவும் அப்படியே படியணும். படியலன்னா பிரச்னை ஞாபகத்துல இல்ல. வீட்டுல கப்பை வச்சுப் பார்த்தேன், படியல. மூணாவதுதான் எனக்குப் பிடிச்சது, மழைச் சோதனை: பொருளைச் சூடாக்கி, மேற்பரப்பை மட்டும் சட்டுனு குளிர வச்சு விட்டுடுங்க. திரும்ப ஏறினா உள்ள பாக்கி இருக்கு. கோப்பி ஏறாது. கோர்ட் தரை ஏறும். கல்யாண வீட்டு டேக்சால கெட்டியா இருக்கிற பிரியாணியும் ஏறும், அதைத்தான் கேட்டரிங் ஆளுங்க மேல தொட்டுப் பார்த்து ஆறிடுச்சுன்னு நம்பிடக்கூடாது.

இன்னொரு சிக்கல் நேரம் எங்க ஆரம்பிக்குதுங்கறது. இப்ப எல்லாரும் எடுத்துக்கிறது 1967ல இத்தாலிய புவியியற்பியலாளர் மிக்கேலே கபூட்டோ கொடுத்த வடிவம். அதுக்கு முந்தின ரீமான்-லியூவில் வடிவத்துல மாறாத எண்ணுக்கும் அரை டெரிவேட்டிவ் பூஜ்யம் ஆகாது, கபூட்டோவோடதுல ஆகும், ஆரம்ப நிலையையும் சாதாரணமா "இத்தனை டிகிரி"ன்னு சொல்லிடலாம். வசதிதான். ஆனா அந்த வசதிக்குள்ள, ஸ்டாப்வாட்சை அமுக்கின நிமிஷத்துக்கு முன்னாடி பொருள் பூரா ஒரே நிலையில இருந்துச்சுங்கற அனுமானம் சேர்ந்தே வருது. மழை விட்ட நிமிஷத்துல ஸ்டாப்வாட்சை அமுக்கி கபூட்டோவை ஓட விட்டா தரை ஏறாது, நியூட்டன் மாதிரியே இறங்கிட்டுப் போகும், ஏன்னா வெயில் அடிச்ச பக்கத்தைக் கிழிச்சு எறிஞ்சாச்சு. ஞாபகம் இருக்கிற சமன்பாட்டை எடுத்துட்டு அதோட ஞாபகத்தைத் துடைச்சுட்டு ஓட்டறது.

மறுபக்கமும் சொல்லணும். முடிவில்லாத ஆழம்னு எதுவும் கிடையாது. காங்கிரீட்டுல நாலு மணி நேரத்துல சூட்டோட செய்தி போற தூரம் சுமாரா 10 சென்டிமீட்டர். கீழ மண்ணு இருக்கிற தரைக்கு அது பிரச்னை இல்ல. ஆனா மேற்கு வெயில் வாங்குற வீட்டுச் சுவர், அதுவும் ரெண்டு பக்கமும் காத்து, உள்ள ஏசி வேற, அதுல ரெண்டு மூணு மணி நேரத்துக்கப்புறம் அரை டெரிவேட்டிவ் பொய் சொல்ல ஆரம்பிக்கும், இழுவை முடிஞ்சு கடைசியில எக்ஸ்பொனென்ஷியலா விழுந்துடும். ஆக ஆரம்பத்துல அரை, கடைசியில ஒண்ணு. அந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரே ஆல்ஃபாவைப் போட்டுப் பொருத்தினா 0.7, 0.8னு ஏதாவது வரும், அந்த நம்பருக்கு எவ்வளவு நேரம் அளந்தோம்ங்கறதைத் தாண்டி அர்த்தம் ஒண்ணும் இல்ல. அந்த மாறிலியோட அலகும் ஆல்ஃபாவுக்கு ஏத்த மாதிரி மாறிடும், ரெண்டு பேரோட மாறிலியை ஒப்பிடக்கூட முடியாது. இதையெல்லாம் கேட்டுட்டு அக்கா பொண்ணு, "எக்ஸாம்ல எழுதலாமா மாமா?"ன்னா. எழுதாதேன்னு சொல்லிட்டேன், அங்க மார்க் எக்ஸ்பொனென்ஷியலுக்குத்தான்.

செஞ்சு பார்க்கணும்னு ஆசைப்படறவங்களுக்கு: எக்செல் போதும். ஒரு காலம்ல அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை எடுத்த தரைச் சூடு, ஆரம்ப சூட்டைக் கழிச்சு. பக்கத்துக் காலம்ல எடைகள், முதல்ல 1 (அதோட வரிசை எண் 0), அப்புறம் ஒவ்வொண்ணும் முந்தினதை, 1லேர்ந்து (1.5 வகுத்தல் வரிசை எண்) கழிச்சதால பெருக்கினது. எடைகளைத் தலைகீழா வச்சு சம்ப்ராடக்ட், அதை செகண்டுல எழுதின படி நேரத்தோட ஸ்கொயர் ரூட்டால வகுத்து எஃப்யூசிவிட்டியால பெருக்கினா தரைக்குள்ள போற வெப்பம் ஒரு ஸ்கொயர் மீட்டருக்கு இத்தனை வாட்னு வந்துடும், மைனஸ்னா வெளிய வருது. காலையில வெயில் ஏறுறதுக்கு முன்னாடி, தரை அடங்கி இருக்கும்போதே ஆரம்பிச்சுடுங்க. பழசை எங்க வெட்டறதுன்னு கேப்பீங்க. நூறு படி, அதாவது எட்டு மணி நேரத்துக்கு மேல வச்சிருந்தாலும் இன்னும் 5.6 சதவீத எடை வெளிய நிக்கும், அதனால மத்தியான மழைக்கு காலையிலேர்ந்து உள்ள வரிசை எதையும் அழிக்காதீங்க, நேத்து ராத்திரியை வேணும்னா விட்டுடலாம்.